மணல் குழியிலிருந்து மெத்தைக்கு

கள்ளக்குறிச்சியில் சேலம் பேருந்தில் ஏறினால் சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் என்று ஊர்கள் மாறிக்கொண்டே போகும். வலப்பக்கம் கல்வராயன் மலை மட்டும் வெகுதூரம் கூடவே வரும். மலையின் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம், மறுபக்கம் சேலம் மாவட்டம். சேலத்தில் இறங்கி தருமபுரி சாலையில் வண்டி மாறினால் தீவட்டிப்பட்டி. அதற்குப் பக்கத்தில் இருக்கிறது பெரியவடகம்பட்டி. 2016 செப்டம்பர் 9 அன்று ரியோ டி ஜெனிரோவில் நடந்த பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலுவின் ஊர் அது.

ஐந்து வயதில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த மாரியப்பன் மேல் பேருந்து ஏறியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போய், அதற்குப் பிறகு சரியாக வளரவே இல்லை. தாய் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். பையனை உயரம் தாண்டுதல் பக்கம் திருப்பியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், மாற்றுத்திறனாளி அல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பிடித்தார் மாரியப்பன். 2013இல் தேசிய பாரா தடகளப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவின் கண்ணில் பட்டார். 2015இல் பெங்களூரு போய் அவரிடம் முழுநேரப் பயிற்சியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரியோ.

முரளிகாந்த் பேட்கர் (1972), தேவேந்திர ஜஜாரியா (2004) இருவருக்கும் பிறகு பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்தியர் அவர்தான். அதோடு நிற்கவில்லை. 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டருடன் வெள்ளி. 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலக பாரா தடகளப் போட்டியில் 1.88 மீட்டருடன் தங்கம். அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் 1.85 மீட்டருடன் வெண்கலம். அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்கு வந்தது.

டோக்கியோவில் தங்கம் கைநழுவியதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கேட்டால், இந்த விளையாட்டில் எவ்வளவு சின்ன விஷயமும் கணக்கில் சேரும் என்பது புரியும். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட வலது காலில் அவர் காலுறை மாட்டியிருந்தார். அது நனைந்துபோனதால் ஓடி வருவதே சிரமமாகிவிட்டது. அமெரிக்காவின் சாம் க்ரூ 1.88ஐத் தாண்டினார். இடைவெளி 2 சென்டிமீட்டர்.

காலுறைக்கே இவ்வளவு என்றால், தாண்டிவிட்டு விழுகிற இடத்துக்கு? கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து உயரம் தாண்டுதலைப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இந்த விளையாட்டின் வரலாற்றையே விழும் இடம்தான் இரண்டாகப் பிரித்திருக்கிறது.

மூன்று வாய்ப்பு

பார்க்க எளிமையான ஆட்டம். குறுக்குக் கம்பியின் நீளம் 4 மீட்டர். எடை 2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு கம்பங்களிலும் உள்ள சிறு தாங்கிகளின் மேல் அது வெறுமனே வைக்கப்பட்டிருக்கும், எங்கும் கட்டப்பட்டிருக்காது. ஒற்றைக் காலை ஊன்றித்தான் எழும்ப வேண்டும். இரண்டு காலாலும் குதித்தால் செல்லாது. உடம்பு உரசிக் கம்பி ஆடினாலும், கீழே விழாத வரை நடுவர் வெள்ளைக் கொடி தூக்குவார். விழுந்தால் சிவப்பு. பெயர் அழைக்கப்பட்ட பிறகு பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் ஓட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் ஆட்டம் முடிந்தது.

இதற்குள்தான் பெரிய சூதாட்டமே இருக்கிறது. எந்த உயரத்தில் தொடங்குவது, எந்த உயரத்தை விட்டுவிடுவது என்பதெல்லாம் வீரரின் முடிவு. ஒரு உயரத்தில் இரண்டு முறை தவறிவிட்டால், மிச்சமிருக்கும் ஒரே வாய்ப்பை அடுத்த உயரத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் தேஜஸ்வின் சங்கர் செய்தது அதைத்தான். தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர். 2.22 மீட்டர் வரை எல்லாவற்றையும் முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்டார். 2.25இல் இரண்டு முறை கம்பி விழுந்தது. அதே உயரத்தை மூன்றாம் முறை தாண்டினாலும் மேலே இருந்தவர்களை முந்த முடியாது. அதனால் கடைசி வாய்ப்பை 2.28க்குக் கொண்டுபோனார். அதைத் தாண்ட முடியவில்லை. ஆனால் முன்னால் ஒரு தவறும் செய்யாமல் வந்த கணக்கு கைகொடுத்தது, வெண்கலம் கிடைத்தது. காமன்வெல்த் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

அந்தக் கணக்கு எப்படி? இரண்டு பேர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்தக் கடைசி உயரத்தைக் குறைந்த முயற்சியில் தாண்டியவர் முன்னால். அதிலும் சமம் என்றால், தொடக்கத்திலிருந்து குறைவாகத் தவறியவர் முன்னால். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் மாரியப்பனின் பிரிவில் தங்கம் வென்ற ஃபிஜி வீரர் இலியேசா டெலானா, வெள்ளி வென்ற கர்நாடகத்தின் கிரீஷா நாகராஜகௌடா, வெண்கலம் வென்ற போலந்து வீரர் மூவரும் தாண்டிய உயரம் ஒன்றே: 1.74 மீட்டர். தவறிய முயற்சிகள்தான் மூவருக்கும் மூன்று நிறத்தில் பதக்கம் கொடுத்தன.

எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் முதலிடத்துக்கு மட்டும் கூடுதல் சுற்று உண்டு. இருவரும் ஒப்புக்கொண்டால் பகிர்ந்தும் கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தாரின் முதாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்கோ தம்பேரியும் 2.37 வரை ஒரு தவறும் இல்லாமல் வந்து, 2.39இல் மூன்று முறையும் தவறினார்கள். இரண்டு தங்கம் தர முடியுமா என்று நடுவரிடம் பர்ஷிம் கேட்டார். முடியும் என்றதும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டதை உலகமே பார்த்தது. மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் நியூசிலாந்தின் ஹேமிஷ் கெர்ரும் அமெரிக்காவின் ஷெல்பி மெக்யூவனும் 2.36இல் சமமாக நின்றபோது, பகிர்வை விட்டுவிட்டுக் கூடுதல் சுற்றுக்குப் போனார்கள். கம்பியை ஏற்றி, இறக்கி, கடைசியில் 2.34ஐத் தாண்டிய கெர்ருக்குத் தங்கம்.

முதுகு காட்டித் தாண்டியவர்

60 ஆண்டுக்கு முன்புவரை உலகம் முழுக்க வீரர்கள் மணலிலும் மரத்தூளிலும்தான் விழுந்தார்கள். மணலில் விழ வேண்டுமென்றால் கால் முதலில் தரையைத் தொட வேண்டும், அல்லது கையை ஊன்ற வேண்டும். அதனால் தாண்டும் முறைகளும் அதற்கேற்றபடியே இருந்தன. கத்தரிக்கோல் போல ஒரு காலைத் தூக்கி மறுகாலை இழுக்கும் சிசர்ஸ். கம்பியைப் பார்த்து வயிறு கீழே இருக்கும்படி உருளும் ஸ்ட்ராடில். இன்றும் நம் பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் பழகுவது சிசர்ஸ்தான்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மெட்ஃபோர்டு என்ற ஊரில் படித்த டிக் ஃபாஸ்பரிக்கு ஸ்ட்ராடில் வரவே இல்லை. பழைய சிசர்ஸையே வைத்துக்கொண்டு, இடுப்பைக் கம்பிக்கு மேல் தூக்க முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்த்தார். சாய்த்துச் சாய்த்து, கடைசியில் வானத்தைப் பார்த்தபடி தலை முதலில் கம்பியைக் கடக்கும் முறையாக அது ஆகிவிட்டது. முதுகும் தோளும் முதலில் தரையில் படும் இந்த முறையை மணலில் பழகினால் கழுத்து தாங்காது. நல்ல வேளையாக, அவருடைய பள்ளியில் மரத்துண்டுகள் கொட்டிய குழியை எடுத்துவிட்டு மெத்தென்ற படுக்கை போட்டிருந்தார்கள். 1968 அக்டோபர் 20 அன்று மெக்சிகோ ஒலிம்பிக்கில் அந்தப் பையன் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். உலகம் அந்த முறைக்கு ஃபாஸ்பரி ஃப்ளாப் என்று பெயர் வைத்தது.

அதற்குப் பிறகு மாற்றம் வேகமாக நடந்தது. 1973இல் ட்வைட் ஸ்டோன்ஸ் ஃப்ளாப் முறையில் 2.30 தாண்டி உலக சாதனை படைத்தார். 1978இல் சோவியத் வீரர் விளாதிமிர் யஷ்சென்கோ தாண்டிய 2.34, ஸ்ட்ராடில் முறையில் வந்த கடைசி உலக சாதனை. இன்று உலகத் தடகளப் போட்டியில் ஆண்கள் இறுதிச் சுற்றுக்கு வரும் எல்லோருமே ஃப்ளாப் வீரர்கள்தான். கியூபாவின் ஹாவியர் சோட்டோமேயர் 1993 ஜூலை 27 அன்று ஸ்பெயினின் சலமாங்காவில் தாண்டிய 2.45 மீட்டர் இன்றுவரை உலக சாதனை. கால்பந்து கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டம் தரையிலிருந்து 2.44 மீட்டர், அதற்கு மேலே ஒரு மனிதர் முதுகைக் காட்டிப் போயிருக்கிறார்.

முதுகை வளைப்பதால் என்ன லாபம்? ஈரத் துணியை வேலியில் போட்டால் நடுப்பகுதி மட்டும் மேலே இருக்கும். துணியின் பெரும்பகுதி இருபக்கமும் கீழே தொங்கும். ஃப்ளாப் வீரரின் உடம்பும் அப்படித்தான் கம்பியைக் கடக்கிறது. தலையும் தோளும் மறுபக்கம் இறங்கிவிட்ட பிறகு இடுப்பு மேலே போகிறது. இடுப்பு கடந்த பிறகு கால்கள் கடைசியாக உதறி எழுகின்றன. எந்த நொடியிலும் முழு உடம்பும் கம்பிக்கு மேல் இருப்பதில்லை. அதனால் உடம்பின் எடை மையம் கம்பிக்குக் கீழாகப் போனாலும் வீரர் கம்பிக்கு மேலாகப் போய்விட முடிகிறது. கால் தருகிற எழுச்சி அதேதான்; தாண்டும் உயரம் மட்டும் கூடுகிறது.

எழும்புவதற்கு முன் நடப்பதில்தான் உழைப்பெல்லாம் இருக்கிறது. நேராக ஓடி வரும் வீரர் கடைசி நாலைந்து அடிகளை வளைவாகப் போடுவார். வளைவில் ஓடும்போது உடம்பு உட்பக்கம் சாயும். ஊன்றும் கால் தரையைத் தொடும் நேரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் சாய்வு நிமிர்ந்து, ஓட்டத்தின் வேகம் மேல்நோக்கித் திரும்பி, முதுகு கம்பிப் பக்கம் சுழன்றிருக்க வேண்டும். அதனால்தான் போட்டிக்கு முன் வீரர்கள் டேப் வைத்து அளந்து, ஓட்டம் தொடங்கும் இடத்தில் அடையாளம் ஒட்டி, காலடிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள். அரை அடி தள்ளிப் போனால் ஏறும்போதே கம்பி விழும், அல்லது இறங்கும்போது விழும்.

இந்த விளையாட்டு நெட்டையானவர்களுக்குத்தான் என்று நினைப்பவர்கள் இரண்டு பெயரைத் தெரிந்துகொள்ளலாம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஸ்டெஃபான் ஹோல்மின் உயரம் 1.81 மீட்டர், அவர் தாண்டிய அதிக உயரம் 2.40. அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் ஜேக்கப்ஸ் 1.73 மீட்டர்தான், 1978இல் 2.32 தாண்டினார். இருவருமே தங்கள் தலைக்கு மேல் 59 சென்டிமீட்டர் போனவர்கள். சீக்கிரமே தொடங்கினால்தான் ஆச்சு என்பதும் இல்லை. பஹாமாஸின் டொனால்ட் தாமஸ் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். 2006இல்தான் உயரம் தாண்டுதலுக்கு வந்தார். 2007 ஒசாகா உலகத் தடகளப் போட்டியில் 2.35 தாண்டித் தங்கம் வென்றார்.

யாழ்ப்பாணம், கோவை, நாசிக்

தமிழர்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் இலங்கைக்காகத் தாண்டினார். 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசியப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். ஃபாஸ்பரிக்குப் பத்தாண்டு முந்தைய காலம் அது என்பதை மனதில் வைத்தால் அந்த 2.03இன் பெருமை தெரியும்.

இந்திய சாதனை நம் பக்கத்தில் அரங்கேறியதும் உண்டு. ஹரி சங்கர் ராய் 2004இல் வைத்த 2.25 மீட்டர் தேசிய சாதனை பன்னிரண்டு ஆண்டு அசையாமல் நின்றது. 2016 நவம்பரில் கோயம்புத்தூரில் நடந்த தேசிய இளையோர் தடகளப் போட்டியில் 17 வயது தேஜஸ்வின் சங்கர் 2.26 தாண்டி அதை உடைத்தார். பிறகு அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 2018 ஏப்ரலில் அதை 2.29 ஆக உயர்த்தினார்.

இவர்கள் எல்லோரையும்விடக் கல்வராயன் மலைக்கு நெருக்கமான கதை ஒன்று மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. சர்வேஷ் குஷாரே நாசிக் மாவட்டத்தில் தேவ்கான் என்ற கிராமத்துப் பையன். அங்கே ஸ்பாஞ்சு மெத்தைக்கு வழியில்லை. மக்காச்சோளச் சருகையும் பஞ்சையும் அடைத்து ஆசிரியர் தயார் செய்து கொடுத்த படுக்கையில்தான் அவர் விழுந்து பழகினார். 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில் உயரம் தாண்டுதல் இறுதிச் சுற்றுக்கு வந்த முதல் இந்திய ஆண் வீரர் ஆனார். இறுதியில் 2.28 மீட்டர் தாண்டி ஆறாம் இடம் பிடித்தார்; அவர் அதுவரை தாண்டியதிலேயே அதிகம் அது. அங்கே 2.36 தாண்டித் தங்கம் வென்றவர் அதே ஹேமிஷ் கெர். மக்காச்சோளம் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத பயிர். ஆசிரியர் ஒருவருக்கு மனசு இருந்தால் சருகிலிருந்தும் தொடங்கலாம் என்பதற்கு அந்தக் கிராமம் சாட்சி. ஆனால் எல்லா ஊரிலும் அப்படி ஒரு ஆசிரியர் அமைவார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

வெள்ளிமலைக்கு ஒரு மெத்தை

கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறினால் வெள்ளிமலை. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் மலையாளிப் பழங்குடியினர் ஊர்கள் சுற்றிலும் சிதறிக் கிடக்கின்றன. பிள்ளைகள் பலர் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை மலையின் இந்தப் பக்கமும் விழுப்புரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. இப்போது மாவட்ட அளவிலான போட்டிகள் சொந்த மாவட்டத்திலேயே நடக்கின்றன. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் குடியரசு தினத் தடகளப் போட்டிகளிலும் உயரம் தாண்டுதல் உண்டு. ஏணி இருக்கிறது.

ஏணியின் நடுவில்தான் ஒரு படி குறைகிறது. கிராமத்துப் பள்ளியில் மணல் குழியில் சிசர்ஸ் பழகிய பையன், வெறும் கால் வலுவாலேயே குறுவட்டத்தில் முதலிடம் வாங்கிவிடுவான். மேலே போகப் போக, மெத்தையில் ஃப்ளாப் பழகிய நகரத்துப் பையன்களோடு நிற்க வேண்டியிருக்கும். முதுகில் விழுவதற்கு உடம்பு அஞ்சும். அந்த அச்சம் போவதற்குப் பல வாரம் பழக வேண்டும். போட்டி நடக்கும் காலையில் மெத்தையை முதன்முதலாகப் பார்ப்பவனால் அது முடியாது. அவனைவிடத் திறமை குறைந்தவன் அவனைவிட 20 சென்டிமீட்டர் அதிகம் தாண்டிவிட்டுப் போவான்.

மாரியப்பனைப் போலக் கால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு கால் மட்டுமே உறுதியாக இருக்கும் பையன் இறுகிய மணலில் இறங்கினால், தாங்குகிற அந்த ஒற்றைக் காலுக்கே ஆபத்து. மெத்தை இல்லாத பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளையைத் தாண்டச் சொல்லவே ஆசிரியருக்குத் துணிச்சல் வராது. இந்தியாவுக்கு பாரா உயரம் தாண்டுதலில் மாரியப்பன் மட்டும் இல்லை. சரத் குமார், வருண் சிங் பாட்டி, நிஷாத் குமார், பாரிஸில் வேறொரு பிரிவில் 2.08 மீட்டருடன் தங்கம் வென்ற பிரவீண் குமார், 2025இல் தில்லியில் நடந்த உலக பாரா தடகளப் போட்டியில் 1.91 தாண்டித் தங்கம் வென்ற சைலேஷ் குமார் என்று ஒரு வரிசையே இருக்கிறது. எந்த மாநிலத்துக் கிராமத்துப் பையனும் சேரக்கூடிய வரிசை அது.

பன்னாட்டுப் போட்டிக்கான மெத்தை 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரம். விலை லட்சக் கணக்கில் வரும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒன்று என்பது நடக்காது. ஆனால் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் வைத்தால் மாலையிலும் விடுமுறையிலும் பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளும் வந்து பழகலாம். கூடவே மழைக்கு மூடும் உறையும், தரையின் ஈரம் ஏறாமல் அடியில் வைக்கும் பலகைச் சட்டமும் வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் மலை மழையில் ஸ்பாஞ்சு ஊறி இரண்டு பருவத்தில் வீணாகிவிடும். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஃப்ளாப் சொல்லிக்கொடுக்கும் முறையில் சில நாள் பயிற்சி தேவை: முதலில் நின்ற இடத்திலிருந்தே பின்பக்கமாக மெத்தையில் விழப் பழக்குவது, பிறகு வட்டமாக ஓடவைப்பது, கம்பிக்குப் பதில் எலாஸ்டிக் கயிறு கட்டி அச்சத்தைப் போக்குவது, அப்புறம்தான் கம்பி.

பணத்துக்கு வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, முன்னாள் மாணவர்கள் கொடுக்கும் நன்கொடையை வாங்கும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் என்று எந்தக் கதவையும் பள்ளி மேலாண்மைக் குழு தட்டலாம். கிரிக்கெட் மட்டை, கைப்பந்து வலை வரிசையில் உயரம் தாண்டுதல் மெத்தையையும் கேட்டு வாங்க வேண்டும். மலைக்கு ஒன்று, கள்ளக்குறிச்சி நகருக்கு ஒன்று என்று இரண்டு மெத்தையோடு ஜூன் மாதம் தொடங்கினால், அந்த ஆண்டு மாவட்டப் போட்டிக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஃப்ளாப் பழகிக்கொண்டே போகலாம்.